முடியை எடுத்த கதை

என் அக்காவை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அழுத முகத்தோடு வந்து உட்கார்ந்தவளையும் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவாள். கடவுள் சிலருக்கு அப்படி ஒரு வரம் கொடுக்கிறார்.

அப்பேர்ப்பட்டவள் தன் மகள் கல்யாணத்தில் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவார்கள். "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலை போல" என்று சம்பந்தியம்மா மகளிடம் சொல்லிவிட்டார். அது அக்காவுக்கு முள்ளாய்க் குத்தியது. அவர் மறுபடி வருகிறார் என்றதும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பாடு, தண்ணியெல்லாம் சைகையில சொல்லிக்குவேன். கதை சொல்ற வார்த்தைய மட்டும் குடுடி."

'ஊனா வெஸ்' என்றால் ஒரு தடவை. 'எந்தோன்ஸெஸ்' என்றால் அப்புறம். 'பெரோ' என்றால் ஆனால். வாடிக்கைக்காரர் தலையை அலசும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் பிரார்த்தனை என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மா கடைக்கே வந்துவிட்டார். அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, துணி போர்த்தி, முடி நுனியைக் கத்தரித்தபடியே ஆரம்பித்தாள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் பெண்கள் கடை என்று தெரியாமல் உள்ளே நுழைந்த கதை. பாதி வார்த்தை, பாதி நடிப்பு. அழுத்திச் சொன்னால் நன்றாகப் புரியும் என்று 'பெரோ'வைப் 'பெர்ரோ' ஆக்கிவிட்டாள். சம்பந்தியம்மாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"பெர்ரோன்னா நாய்ம்மா. வழுக்கை வந்தாரு, நாய். உக்காந்தாரு, நாய். கடை பூரா நாயா நிக்குது."

அக்கா அசரவில்லை. கதையை முடித்து, சத்தியமாய் நடந்தது என்று நெஞ்சில் கை வைத்தாள். சம்பந்தியம்மா ஏதோ சொன்னார்.

"நீ அவங்க முடியை எடுக்குறியாம்" என்றாள் மகள்.

அக்காவுக்குப் பகீரென்றது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நுனியைத்தானேடி எடுத்தேன்? அதிகமாப் போச்சான்னு கேளு."

"ஐயோ, அவங்க பேச்சுல அப்படித்தாம்மா. ஏமாத்தி விளையாடுறேன்னு அர்த்தம்."

"அவ்வளவுதானா? நாங்க முடியில கை வைக்க மாட்டோம், காதுலதான் பூ சுத்துவோம்னு சொல்லு."

மகள் சொன்னாள். சம்பந்தியம்மா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போர்த்திய துணிக்குள்ளிருந்து கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. தன் பங்குக்கு ஒரு கதையை எடுத்துவிட்டார். அக்காவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் "உம்" கொட்டினாள்.