பானைக்கு ஒரு மூடி

மேற்குத் தாம்பரத்தில் பிளாஸ்டிக் பலகைகளை வெட்டித் தரும் கடைக்காரர் அவர். ஒல்லியான உடம்பு, புருவம் முழுக்க வெள்ளைத் தூள். வெட்டிய எதையும் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்.

எவர்சில்வர் பானையிலிருந்து காற்றை உறிஞ்சி, அடுப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்ப்பது என் நெடுநாள் ஆசை. மூடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து நாற்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது. மூடி வெடித்தால் என்ன செய்வது?

“கண்ணாடி வாணாம் சார், செதறிடும். இது பாலிகார்பனேட்டு. வளையும், ஒடையாது.”

“மேலேருந்து காற்று நானூற்றைம்பது கிலோ அழுத்தும். கணக்குப் போட்டுட்டேன்.”

“அவ்ளோதானே?”

பக்கத்துக் கடையிலிருந்து ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைகளை வரவழைத்தார். நான் கொண்டுபோயிருந்த பானையைத் தான் வெட்டிய மூடியால் மூடி, மேலே ஒரு மரப்பலகை வைத்து, ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னார். நான் எண்ணினேன். ஒன்பதாவதிலும் மூடி அசையவில்லை. அவரே இன்னொன்றைத் தூக்கி வந்தார்.

“ஒன்பதே சரியாப் போச்சே?”

“இது உங்க பயத்துக்கு சார்.”

வீட்டில் காற்று உறிஞ்சும் பம்பை ஓட்டியதும் தண்ணீர் சூடில்லாமலே கொப்பளித்தது. மூக்கு மூடியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். என் பயம் ஐம்பது கிலோ என்று அவர் எந்தக் கணக்கில் முடிவு செய்தார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.