நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட வருடம்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊர் பொள்ளாச்சிக்குப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கோவை போக வேண்டும். வாசலில் கார் நின்றது. ஆனால் அவர் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். கூப்பிட்டால் வரும் டிரைவர் பாதி நாள் வர மாட்டார். அன்றைக்கெல்லாம் பஸ்தான்.

ஒருநாள் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றவர், கிணத்துக்கடவு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து வாந்தி எடுத்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"உன்ற சீலையெல்லாம் பாழாப் போச்சு அம்மணி" என்று, அத்தனை பேர் முன்னாலும், என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். யாரிடமும் அவர் அப்படிக் கூனிக் குறுகி நான் பார்த்ததில்லை. அன்று சேலையை அலசிக்கொண்டிருக்கும்போதே கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான். டிரைவிங் ஸ்கூலில் என்னோடு சேர்ந்த பெண்களுக்கு என் மகள் வயது. அவர்கள் ரோட்டுக்குப் போன பிறகும் நான் மைதானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கிளச்சை விட்டால் வண்டி குதித்து அணைந்துவிடும். சாயங்காலங்களில் தென்னந்தோப்புப் பாதையில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். ஒருமுறை வண்டியை வரப்பில் ஏற்றிவிட்டேன். அவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா. எனக்கு உசுரே போகுது."

"என்ற உசுரு போறதுக்குள்ள ஓட்டிப்போடு."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மறுபடி சாவியைத் திருப்பினேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் நடந்த முதல் டெஸ்ட்டில் மேட்டில் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது பின்னால் உருண்டுவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியேதான். பின்னால் நின்றிருந்த ஒருவர் தாவி ஒதுங்கினார். "இந்த வயசுல உங்களுக்கெதுக்குங்கம்மா இதெல்லாம்?" என்றார் ஆய்வாளர். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சரி, உடு. அடுத்த தடவ பாத்துக்கலாம். நீ ஓட்ட, நான் மகாராசாவாட்ட முன்னால ஒக்காந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம உடமாட்டேன்" என்றார்.

அடுத்த டெஸ்ட்டுக்கு முன்பே, ஒரு காலையில், டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய இதயம் நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின் கொழுந்தனார் வந்து, "கார வித்துப்போடலாங்க அண்ணி. சும்மா நிறுத்தி வெச்சா வீணாப் போயிருமுங்க" என்றார்.

"இருக்கட்டுங்க தம்பி. நான் ஓட்டறேன்."

"ஓட்டிட்டு எங்கீங்க போகப் போறீங்க?"

ஆனாலும் மறுபடி டெஸ்ட்டுக்குப் போனேன். ஆய்வாளர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அது என் கணவர் உட்காரும் இடமாயிற்றே என்று தோன்றியது. அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருப்பதை மனசு ஏற்கவில்லை. வண்டியைக் கிளப்பாமலே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே சாவியை எடுத்துக்கொண்டு தோப்புப் பாதைக்குப் போய், தனியாக, மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கிப் பழகினேன். அதற்கடுத்த டெஸ்ட்டில் மேட்டில் ஹேண்ட் பிரேக்கை விட்டதும் வண்டி முன்னால் போயிற்று. "பாஸுங்கம்மா" என்றார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

லைசென்ஸ் வந்த வாரம் கோவைக்குக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று தீர்மானிக்கவில்லை. போய் நின்றது அந்த ஆஸ்பத்திரி வாசலில். செக்யூரிட்டி ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"பேஷண்ட எறக்கி உட்டுட்டு வண்டிய அந்தப் பக்கம் நிறுத்துங்கம்மா."

"பேஷண்ட் இல்லீங்க" என்றேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ஓரமாக நிறுத்தி அழுதேன். பிறகு நானே வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன்.

இப்போது மகள் வரும்போதெல்லாம் கோவை ரயில் நிலையத்துக்கு நான்தான் போகிறேன். நன்றாக ஓட்டுகிறேனாம். அவள் அப்படிச் சொல்லும்போது சந்தோஷம் வருவதற்குள் துக்கம் முந்திக்கொள்கிறது.