கடல் புகுந்த ஷெட்

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அது ருக்கு அக்காவின் வீடு. அவருடைய கணவர் உதயசூரியன் அண்ணன், ஹார்பரில் படகு எஞ்சின்களைப் பார்க்கும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் ஊர் பரமக்குடிப் பக்கம். பிள்ளைகள் இல்லை. நான் தினமும் ஃபெரியில் சாத்தம் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து போர்ட் பிளேரில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போகும்போதும் வரும்போதும் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் அண்ணனின் ஷெட் இருந்தது. பாடாக் மரப் பலகைச் சுவர், தகரக் கூரை. உள்ளே ஆணியில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள், ரம்பங்கள், அரங்கள், ஒரு மூலையில் மேசையோடு முடுக்கிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெரிய வைஸ். மாலையில் காபி குடித்ததும் உள்ளே போனாரென்றால், சோறு ஆறிய பிறகுதான் வெளியே வருவார். யாருடைய தையல் மெஷினோ, யாருடைய தண்ணீர் பம்போ அங்கே எப்போதும் பிரித்துக் கிடக்கும். அக்காவுக்கு அந்த ஷெட்டைக் கண்டாலே ஆகாது.

"எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. தகரக் கூரை போட்டு கொல்லையில வச்சிருக்காக" என்று என்னிடம் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்தக் கதவுக்குள் அவர் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

2004 கார்த்திகையில் தன் அக்கா மகள் கல்யாணத்துக்காக மெயின்லேண்டு போன அண்ணன் டிசம்பர் கடைசியிலும் தீவுக்குத் திரும்பவில்லை. கப்பலில் ஏறினால் இறங்கும்வரை வாந்தி என்பதால் ருக்கு அக்கா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை ஆடியது. எல்லோரும் வெளியே ஓடி வந்து நின்றோம். ஆட்டம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று பேசிக்கொண்டிருந்தபோது கடல் ஏறத் தொடங்கியது. எங்கள் பக்கம் அது பெரிய அலையாக வரவில்லை. தொட்டி நிரம்புவதுபோல் ஏறிக்கொண்டே வந்தது. நானும் அம்மாவும் அக்காவை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். பாதி வழியில் அக்கா வீட்டைப் பூட்டவில்லை என்று திரும்பி ஓடப் பார்த்தார். அம்மா அவர் கையை விடவில்லை.

மறுநாள் இறங்கி வந்து பார்த்தபோது வீடு நின்றிருந்தது. சுவரில் இடுப்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு. ஷெட்டின் கதவைக் காணோம். கருவிகளெல்லாம் உப்புச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன.

ஃபோன் லைன் கிடைக்கப் பல நாள் ஆனது. என் ஆபீஸிலிருந்து ஒருவழியாகப் பரமக்குடிக்கு லைன் கிடைத்தபோது அக்காவைக் கூட்டிப்போய் வைத்திருந்தேன். அண்ணன் மறுமுனையில் அழுதது எனக்கே கேட்டது. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். வீடு இருக்கிறதா என்று கேட்டார். கப்பல் கிடைத்த உடனே வருவதாகச் சொன்னார். லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஃபெரி கரை நெருங்கியதும் அக்கா சொன்னார்:

"ஷெட்டப் பத்திக் கேக்கலை பாத்தியா? கேக்கப் பயந்துட்டாக."

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. அக்கா ஷெட்டில் சேற்றைத் தோண்டிக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுப்பதற்குள்ளேயே அவற்றின் மேல் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. உப்பு போகாமல் என்ன செய்தாலும் துரு திரும்ப வரும் என்று அண்ணன் யாரிடமோ சொன்னது அக்காவின் காதில் இருந்தது. லாரியில் வந்த குடிதண்ணீரில் தன் பங்கில் பாதியைக் கருவிகளுக்கு ஊற்றினார். நான் சத்தம் போட்டதற்கு, தனக்கு அவ்வளவு தாகம் எடுப்பதில்லை என்றார். அலசி, வெயிலில் காயவைத்து, ரேஷன் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தார். விடாத துருவுக்குப் புளி. அதற்கும் விடாததற்கு உப்புத்தாள். விடுமுறை நாட்களில் நானும் உட்கார்ந்தேன். நடுநடுவே நிலம் லேசாக ஆடும். இரண்டு பேரும் கையில் ஆளுக்கொரு ஸ்பேனரோடு எழுந்து வெளியே ஓடுவோம். நின்றதும் வந்து உட்கார்ந்து மறுபடி தேய்ப்போம்.

பொங்கல் கழிந்து அண்ணன் வந்து சேர்ந்தார். படகுத்துறையில் இறங்கியவர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் இறங்கியவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வீட்டுக்கு வந்து குளித்தார், சாப்பிட்டார், தூங்கினார். ஷெட் பக்கம் போகவே இல்லை. மறுநாளும் போகவில்லை. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் அங்கே இருந்த நேரத்தில்தான் கேட்டார்.

"கொல்லைப் பக்கம் போய்ப் பாக்கலையா?"

"நீ இருக்க. அந்த இரும்பப் போய் பாத்து இப்ப என்ன ஆகப்போகுது?"

"ஒரு எட்டு வந்துதான் பாருங்களேன்."

போனார். புதுக் கதவு இல்லாமல் சாக்குப் படுதா தொங்கியது. அதை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டார். எல்லாம் பழைய ஆணிகளில், கிட்டத்தட்டப் பழைய வரிசையில், பளபளவென்று தொங்கின. ஒரு ஸ்பேனரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுல என்னத்தத் தடவுன?"

"தேங்காண்ணெய்."

"அப்படியே கடுகு போட்டுத் தாளிச்சிருக்கலாம்ல?"

அக்காவின் முகம் சுருங்கியது. அண்ணன் அடுத்ததாக ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் உப்புத்தாள் வைத்து மாறி மாறித் தேய்த்தது அது. கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை, ஓர் எண் இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. அண்ணன் அதில் தன் முகத்தைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல், கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. நான் நைசாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் மாலை நேரங்களில் இரண்டு குரல்கள் கேட்டன. பிசுபிசுத்துப்போன தேங்காய் எண்ணெயை இரண்டு பேரும் சேர்ந்து வழித்தெடுத்து மெஷின் ஆயில் போட்டார்கள். அரங்களின் பல்லுக்குள் சிக்கியிருந்த செங்கல் பொடியைக் குத்தி எடுப்பதற்கே பல நாள் பிடித்தது. அதைச் சொல்லி அண்ணன் கேலி செய்வதும், அக்கா பதில் கொடுப்பதும் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

ஆனால் கடல் அவர்களை விடவில்லை. அந்த ஆட்டத்தில் எங்கள் பக்கத்து நிலமே தாழ்ந்துவிட்டிருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஓதம் ஏறும்போது ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர் வந்துவிடும். ஓதத்துக்கு முந்தின நாளே இரண்டு பேரும் கீழ்த்தட்டுச் சாமான்களை மேலே ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் தரையைக் கழுவி, நனைந்ததைத் துடைத்து, எண்ணெய் போடுவார்கள். பிறகு ஷெட்டையே மரக்கால்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். கால்களுக்குத் தார் பூசினார்கள். மழைக்கு முன்னால் கூரை ஆணிகளைச் சுற்றி அக்காதான் தார் வைப்பார். அண்ணன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு குறை சொல்வார். வேலை முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் காபி குடிப்பதை, ஃபெரியிலிருந்து இறங்கி வரும்போது எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். காலடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். என்னைக் கண்டால் எனக்கும் ஒரு தம்ளர் வரும். இன்றைக்கும் பாம்பூஃப்ளாட் என்றால் எனக்கு அந்தக் காபிதான் நினைவுக்கு வருகிறது.

2009இல் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா ஷெட்டைப் பூட்டினார். அந்த வருஷ மழை முழுக்கத் திறக்கவே இல்லை. ஓதம் வந்தது, போனது. அவர் பின்வாசல் பக்கமே போகவில்லை. நானும் சொல்லிப் பார்த்தேன். அம்மாவும் சொன்னார். தலையை மட்டும் ஆட்டுவார்.

மழை விட்ட சமயம், பிளம்பர் வேலை செய்யும் பிமல் வந்தார். வங்காளி, அண்ணனின் பழைய சிநேகிதர். குழாய் திருகும் பெரிய பைப் ரிஞ்ச் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா சாவியை எடுத்துக் கொடுத்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. பிமல் உடைக்கவா என்று கேட்டதும் அக்காவே எழுந்து வந்து, மண்ணெண்ணெய் விட்டு, பொறுமையாகத் தட்டித் தட்டித் திறந்தார்.

உள்ளே எல்லாம் சிவந்து கிடந்தது. அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "அவுக இருந்திருந்தா இப்ப என்னப் பேசியே கொன்னுருப்பாக" என்றார். அண்ணன் போனபின் அவரைப் பற்றி அக்கா சொன்ன முதல் வார்த்தை அது. பைப் ரிஞ்சை மட்டும் அங்கேயே உட்கார்ந்து சுத்தம் செய்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது விரலை நீட்டி, "பிமல், சுகா கே லானா" என்றார். காயவைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். மறுநாளிலிருந்து மற்றவற்றைத் தேய்க்கத் தொடங்கினார்.

வீட்டுச் சுவரையே கடல் அரிக்க ஆரம்பித்தபோது அக்கா கடலுக்குத் தள்ளி, போர்ட் பிளேரில் இருக்கும் டாலிகஞ்சில் கொஞ்சம் இடம் பார்த்தார். ஷெட்டை விட்டுவிடுங்கள், அங்கே புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை. பிமல் வந்து பலகை பலகையாகப் பிரித்துக் கொடுத்தார். அதையெல்லாம் ஒரு டெம்போவில் ஏற்றி, வண்டி ஏற்றும் ஃபெரியில் அக்கரை கொண்டுபோனோம். கப்பலுக்குப் பயந்த ருக்கு அக்கா, கால் மணி நேரப் பயணத்தில் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வாந்தி எடுக்கவில்லை.

டாலிகஞ்சில் ஷெட் நிற்கும் இடத்துக்குக் கடல் தண்ணீர் வராது. ஆனாலும் தீவுக் காற்றுக்கு இரும்பென்றால் ஆசைதானே, துரு வரத்தான் செய்யும் என்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் டிரில்லும் சுத்தியலும் இரவல் வாங்கிப் போகிறார்கள். ஈரத்தோடு கொண்டுவந்தால் ஹிந்தியில் திட்டு விழுகிறது.

போன மே மாதம் பார்க்கப் போயிருந்தேன். மழை வரப்போகிற இருட்டு. அக்கா ஷெட் கூரைமேல் இருந்தார். வந்தது நான்தான் என்று தெரிந்தும் இறங்கி வரவில்லை. ஏணியைப் பிடி, பேச்சு அப்புறம் என்றார். கடைசி ஆணிக்குத் தார் வைத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தூறல் தகரத்தில் விழுந்தபோது அவர் கீழே இறங்கி உள்ளே போய், அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கும் ஒழுகவில்லை.

"உக்காரு, காபி போடுறேன்" என்றார்.