ஒன்பதாம் கட்டத்து வெளிச்சம்

மகேந்திரராசா யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். இத்தாலியின் பலெர்மோவில், லிபெர்த்தா தெருவில் ஒரு சின்யோராவின், வசதியான இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைத்தார். அந்த வீட்டில் எறியும் சப்பாத்துப் பெட்டி மட்டைகளை வெட்டி ஒட்டி, 1996 குளிர்காலம் முழுவதும் ஒரு விளையாட்டைச் செய்தார். களவாய் எல்லை தாண்டி நடந்துவரும் நாலு பேரின் விளையாட்டு.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று மனைவி குகனேஸ்வரியிடம் சொல்லியிருந்தார். அது பொய். ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி விதுரன், இவரோடு அப்படி நடந்துவந்த வழியில், காய்ச்சலில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் செத்தான் என்று அவளுக்குச் சொன்னதும் பொய். பனிக்காட்டுக்குள் அவனை விட்டுவிட்டு இவரும் கூடவந்த மற்ற இருவரும் நடந்தார்கள். தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்போமா? அதை அறியத்தான் இந்த விளையாட்டு.

வேலை சுத்தமாக இருந்தது. நாற்பது கட்டங்கள். காட்டுக்குக் கோப்பி மண்டியை மூன்று தரம் பூசி, ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டார். பனிக்கு ஒன்றும் பூசவில்லை. மட்டையின் வெள்ளையை அப்படியே விட்டார். ஒன்பதாம் கட்டத்தருகே, கண்ட ஞாபகத்தில், ஒரு வீட்டையும் அதன் மஞ்சள் ஜன்னலையும் கீறினார். அந்த வீட்டுக்கென்று விதி எதுவும் இல்லை, அழகுக்குத்தான்.

சட்டைப் பொத்தான்கள் காய்கள். கடலைகள் வழியில் தின்னும் பாண் துண்டுகள். பகடைக் கட்டையை எறியும் ஒவ்வொரு தரமும் ஆளுக்கொரு கடலை குறையும். காட்டுக்குள் கட்டையில் ஒன்று விழுந்தால் அந்தக் காய் காய்ச்சலில் விழுந்துவிடும். தூக்கினால் அரைவாசி வேகம். விட்டால் அவனுடைய பாண் மற்றவர்களுக்கு. தனியே இருந்து முப்பத்தேழு தரம் தூக்கிப் பார்த்தார். ஒருதரமும் கரை சேரவில்லை. ஒவ்வொரு தரமும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் இலேசாகியது.

ஒரு வியாழன் பின்னேரம், ஓய்வு நேரம், அல்பெர்கேரியாச் சந்தைக்கு மேலே தாங்கள் இருந்த வீட்டில் மனைவியையும் மேல்மாடி கிறிகோரியையும் இருத்தினார். நாலாவது காயையும் அவரே பார்த்தார்.

"கடைசிக் கட்டத்திலை என்ன பரிசு அண்ணை?" மன்னார்க்காரன் கிறிகோரி கேட்டான்.

"இத்தாலி."

"கிழவிக்குக் கால் கழுவுறதுக்கோ இவ்வளவு நடை?"

பன்னிரண்டாம் கட்டத்தில் அவனுக்கே ஒன்று விழுந்தது. "விட்டிட்டுப் போங்கோ அக்கா. என்ரை பாணையும் தின்னுங்கோ. பூஞ்சணம் பிடிச்சிருக்கும், பாத்து."

குகனேஸ்வரி சிரித்தாள். அவனுடைய பொத்தானைத் தன் பொத்தானின் மேல் ஏற்றி, மூன்று கட்டம் பின்னால் தள்ளி, மஞ்சள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இஞ்சேரும், பின்னாலை போகேலாது," என்றார் மகேந்திரராசா.

"எங்கை எழுதியிருக்கு?"

கிறிகோரி விதித்தாளை விரல் வைத்து வாசித்தான். "எழுதேல்லை அண்ணை."

திரும்பக்கூடாது என்று, எல்லை தாண்டக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் சொன்னதை, எழுதத் தேவையில்லாத சட்டமாகவே அவர் வைத்திருந்தார். முப்பத்தேழு தரத்தில் ஒருதரமும் அவருடைய கை பின்னால் போகவில்லை.

"விளக்கு எரியுது, ஆக்கள் இருப்பினம்தானே," என்றாள்.

"பொலிசுக்குப் பிடிச்சுக் குடுப்பாங்கள்."

"குடுக்கட்டுமே. உயிரோடைதானே குடுப்பாங்கள்."

பிறகு அவள் மட்டை முழுவதையும் பார்த்தாள். அவளுடைய விரல் முதற் கட்டத்திலிருந்து நாற்பதாம் கட்டம் வரை மெதுவாகப் போனது.

"ஒவ்வொரு மரமும் கீறியிருக்கிறியள். தம்பி செத்த ஆஸ்பத்திரி எந்தக் கட்டம்?"

மகேந்திரராசா மட்டையைப் பார்த்தார். கிறிகோரி உருட்டிக்கொண்டிருந்த கட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"கீறேல்லை," என்றார்.

"இந்த வீடு?"

"இருந்தது."

"தம்பி விழுந்த இடத்திலையிருந்து எவ்வளவு தூரம்?"

"அரை மணித்தியால நடை."

கிறிகோரி சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். கீழே சந்தையில் யாரோ மீன் கூவி விற்றார்கள். அவள் அழவில்லை. கட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்கடை முறை. எறியுங்கோ."

எறிந்தார். ஐந்து. முன்னால் போகவும் போதும், அந்த வீட்டுக்குத் திரும்பவும் போதும். அவர் பொத்தானில் விரலை வைத்தார், நகர்த்தவில்லை. அவர் எந்தப் பக்கம் நகர்த்தப்போகிறார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.