கலீஜ் என்று படித்த கேமரா

இங்கே நுரையைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. கையில் காபியோடு தொட்டி ஓரம் நின்று ரசிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் இந்தச் செம்மண் காட்டில் அதுதான் பிழைப்பு. தாதுப்பாறையை மாவாக அரைத்து, நீரும் மருந்தும் கலந்து, அடியிலிருந்து காற்றை ஊதினால் செம்புத் துகள் குமிழில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மண் அடியில் தங்கும். காற்று கூடினால் மண்ணும் ஏறிவிடும். எப்போது குறைப்பது என்று நுரையின் நிறம் பார்த்துச் சொல்வது என் வேலை. எட்டு வருடம் சொன்னேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் வலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு நுரை புதிதில்லை. எங்கள் ஆற்றிலும் மிதக்கும். கழிவை எவன் திறந்துவிட்டது என்று கேட்டால் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான். போன மாதம் அண்ணன் அந்த நுரையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு போனில் கத்தினான்: "கால வச்சாலே அரிக்குதுடா. இறா ஒண்ணுகூட இல்ல. நுரை பட்ச்சவன்னு பேர் வாங்கிக்கினு கீறியே, இது இன்னா நுரைன்னு சொல்லேன்!" எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் மேலாளர் மார்க் தொட்டிக்கு மேலே கேமரா மாட்டினார். ஒவ்வொரு நுரைப் படத்துக்கும் நான் பேர் எழுதவேண்டும். அதைக் கற்றுக்கொண்டு கேமராவே காற்றைக் குறைக்கும். "அப்புறம் நான்?" என்று கேட்டேன். "யூ ஹேவ் டன் எ கிரேட் ஜாப், மைட்" என்று தோளில் தட்டினார். பாராட்டு என்று நம்பி அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். உன் வேலை முடிந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார். வேலைநீக்கக் கடிதம் வந்தபோதுதான் விளங்கியது.

கடிதத்துக்குப் பிறகும் கடைசி நாள்வரை படங்களுக்குப் பேர் எழுதவேண்டியிருந்தது. பொய்ப் பேர் எழுதிக் கெடுத்திருக்கலாம், கை வரவில்லை. ஆனால் மண் ஏறிய நுரைக்கெல்லாம் கம்பெனி வைத்த வகைப் பேரை அழித்துவிட்டு 'கலீஜ்' என்று எழுதினேன். அடையாறு பக்கம் கல்லூரியில் படித்தபோது என் பேச்சைக் கேட்டு, அசிங்கம் என்ற பொருளில் முகம் சுளித்துச் சொன்ன வார்த்தை அது. கேமரா முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டது.

கடைசி நாள், அண்ணன் அனுப்பிய ஆற்று நுரையை போனில் பெரிதாக்கி கேமராவுக்கு அடியில் நீட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் 'கலீஜ்'. மார்க் பதறி ஓடிவந்தார்.

"எந்தத் தொட்டி?"

"எண்ணூர்" என்றேன்.

அவர் தொட்டிகளின் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இங்கே இல்லையே என்றார்.