உப்போடு திரும்பிய நாள்

அம்மா முதன்முதலாகக் கடலுக்குள் கால் வைத்தபோது என் கையை இறுகப் பிடித்திருந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், எனக்குப் பன்னிரண்டு. காரைநகர்க் கடற்கரையில், சவுக்கு மரங்களுக்கு அப்பால், ஆழமில்லாத தண்ணீர் நெடுந்தூரம் வெளுத்துக் கிடந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்தவர் அம்மா. ஆறும் அருவியும் அவருக்குத் தெரியும். மறுகரை இல்லாத தண்ணீரை அவர் கண்டதில்லை. குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, “அடியாத்தி, இம்புட்டு உப்பா!” என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் வன்னியில் எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்து மாதர் சங்கத்துப் பெண்கள். பெரும்பாலானோர் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர்கள். எங்கள் ஆட்கள் அவர்களுடைய வயல்களில் கூலிக்குப் போனார்கள். சங்கத்தில் சேர்ந்த முதல் மலையகப் பெண் அம்மாதான். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வரும் சங்கத்துப் பெண்கள் வாசற்படலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தேத்தண்ணி கொடுத்தால், “இப்பதான் குடிச்சனாங்கள்” என்பார்கள். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்துக் கடல் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. யாழ்ப்பாண நகரத்தின் சைக்கிள் மணிகளும் பஸ் நிலையத்துக் கூச்சலும் காதில் இரைந்துகொண்டிருக்க, கடலை ஊடறுத்துப் போகும் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் இறங்கினோம். அங்கே காற்றின் சத்தம் மட்டும்தான். தண்ணீருக்குள் பெண்கள் கைகோத்து நின்றார்கள். யார் கை யார் கையில் என்று அப்போது எவரும் பார்க்கவில்லை.

மத்தியானம் கரையேறியதும் உப்புப் போகக் குளிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீடொன்றில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. கேட்டதும் அந்த வீட்டு அம்மா முகம் மலர்ந்து உள்ளே விட்டார். இரண்டு பேர் குளித்து முடித்திருப்பார்கள். என் அம்மா வாய் திறந்து ஏதோ சொன்னதும், அந்த மலையகப் பேச்சுக்கு வீட்டுக்காரியின் காது கூர்மையாகிவிட்டது.

“இவை ஆர்? தோட்டக்காட்டு ஆக்களோ?” என்று எங்கள் சங்கத் தலைவியிடம் கேட்டார். “அவையை வாளியிலை கை வைக்க விடாதேங்கோ. வேணுமெண்டால் நீங்கள் அள்ளி ஊத்திவிடுங்கோ.”

தலைவியின் கையில் வாளிக் கயிறு இருந்தது. அம்மாதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“என் கையால அள்ளக்கூடாத தண்ணி எனக்கு வேணாங்க.”

ஈரச் சேலையோடு பஸ்ஸை நோக்கி நடந்தார். மற்ற நாலு மலையகப் பெண்களும் பின்னால் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. அவர்கள் ஊற்றினால்தான் என்ன? உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. அப்போது கிணற்றுக்குள் தொப்பென்று சத்தம் கேட்டது. தலைவி கயிற்றைக் கைவிட்டிருந்தார்.

“வாங்கோ, போவம்” என்றார். ஒருத்தி முணுமுணுத்தாள். ஆனாலும் எல்லோரும் வந்தார்கள்.

ஊர் திரும்பும் வழியில் ஆனையிறவைத் தாண்டும்போது உப்பு தோலில் காய்ந்து அரிக்கத் தொடங்கிவிட்டது. குளித்திருந்த இரண்டு பேரும் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள். வழி முழுவதும் நான் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நெளுக்குளத்து வீட்டில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டால், “ஒரு வாளித் தண்ணிக்கு இம்புட்டுப் பேச்சா” என்று எழுந்து போய்விடுவார். அவர் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

பொழுது படும் நேரம் பஸ் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் நின்றது. இறங்கிய அம்மா திரும்பி, “அக்கா, எல்லாரையும் இறங்கச் சொல்லுங்க. எங்க கிணத்துல குளிச்சிட்டுப் போகலாம்” என்றார்.

அந்தக் கிணறு அப்பா வெட்ட, அம்மா மண் சுமந்து தோண்டியது. தலைவி ஒரு கணம் எங்கள் படலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு இறங்கி, படலையைத் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போனார். அம்மா வாளிக் கயிற்றை அவரிடம் நீட்டினார்.

“இல்லை, நீரே எனக்குத் தண்ணி அள்ளி ஊத்தும்” என்று சொல்லி, தலைவி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்தினார்.

அம்மா அள்ளி ஊற்றினார். தலைவிக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், முணுமுணுத்தவளும்தான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அவள் கத்திய கத்தலில் மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நான் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வர நெடுநேரம் ஆனது. உடம்பு அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாளி மேலே வரும் ஒவ்வொரு தடவையும், அதை இழுப்பது என் அம்மா என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.