இல்லறத்தார் மேல் விழுந்த ஐயம்

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் நான் வேலை பார்த்த தோட்ட நிறுவன அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தது. தோட்டக் கணக்கர்களான கிராணிமார் எழுதி அனுப்பும் ரப்பர்ப்பால் எடைகளை, ஒரு குறியும் மாறாமல் அப்படியே தட்டச்சிடுவது என் பணி. அந்த எழுத்துச் சரங்களிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்துக் கணக்கிடும் நிரலை, கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர் பேசிக் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

முதல் மாதமே இயந்திரம் திருடர்களைக் காட்டியது. பத்து காஜா என்ற ஊரருகே ஒரு தோட்டத்தில், சில நிரைகளின், அதாவது ஆளுக்கொன்றாகப் பால்வெட்டப் பிரித்துவிட்ட மர வரிசைகளின், பால் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. தொழிலாளர்கள் பாலை வெளியே விற்கிறார்கள் என்று எங்கள் மேலாளர் முடிவு கட்டினார். மிகக் குறைவாகக் காட்டிய ஒருவரை வேலையிலிருந்து நீக்கி, தோட்டக் குடியிருப்பான லயத்து வீட்டையும் காலி செய்யச் சொல்லும் கடிதம் தயாராயிற்று.

"பாத்தீங்களா? அத்தனையும் குடும்பக்காரனுங்க," என்றார் மேலாளர். "கல்யாணம் ஆனாலே கை நீளுது லா."

"நமக்கும் ஆயிடுச்சே, சார்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கோ அங்கேதான் ஐயம் பிறந்தது. மணமாகாதவர் ஒருவர்கூட அகப்படாத களவு எங்கே நடக்கும்? கிராணியின் கைவரிசையாக இருக்குமோ என்று எண்ணியபடி, மறுநாள் மேலாளருடன் நானும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

பால் நிறுக்கும் கொட்டகையில், கடிதத்துக்கு உரியவரும் அவர் மனைவியும் நின்றனர். கணவரின் வாளி தராசில் ஏறியது, பிறகு மனைவியுடையது. கிராணி, கணவரின் பெயருக்கு நேரே 21+17 என்று எழுதினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வரியா?" என்றேன்.

"குடும்பமா வந்தா அப்படித்தான் சார். வெள்ளக்காரத் தொர காலத்து வழக்கம்."

அத்தகைய கூட்டல் குறிகளை எத்தனையோ முறை தட்டச்சிட்டிருக்கிறேன். அவற்றின் இருபுறமும் இரண்டு மனிதர் நிற்பதை அறிந்ததில்லை. மேலாளரோ, நீர் கலந்திருக்கிறதா என்று மனைவியின் வாளியைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னா சார் காணாமப் போச்சு, என் வாளிக்குள்ள தேடுறீங்க?" என்றாள் அவள்.

கடிதத்தை அன்று கொடுக்க வேண்டாமென்று கெஞ்சி, மேலாளரை அலுவலகத்துக்குத் திருப்பி அழைத்து வந்தேன். அவர் கண்முன்னே அந்த ஒரு சரத்தை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தேன். விடை 21. எண்ணைப் பிரித்தெடுக்கும் கட்டளை, இலக்கமல்லாத குறியைக் கண்டதும் நின்றுவிடுகிறது. எஞ்சியதைப் பிழை என்றுகூடச் சொல்லாமல் கைவிடுகிறது. இரண்டு நிரைக்கு ஒருவரின் பால்தான் கணக்கில் ஏறியிருந்தது.

"மிசின் பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல சார். பாதியிலயே படிக்கிறத நிறுத்திக்கிது."

அவர் கடிதத்தைக் கிழித்தார்.

அடுத்த முறை நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது, கிராணி அந்தத் தம்பதியரிடம் செய்தியைச் சொல்லியிருந்தார். மனைவி தன் வாளியைத் தராசில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"இனிமே எனக்குத் தனி வரி போடுங்க கிராணி. என் பேர எழுதி. அந்த மிசினு என் பாலையும் பாக்கட்டும்."

கிராணி மேலாளரை நோக்கினார். மேலாளர் கையில், அவள் வாளியைக் கிளறிய அந்தக் குச்சி அன்றும் இருந்தது.